முதல் குழு வீடுகள்

லாலாகுடா
14 ஜூலை 2003

அன்புள்ள கல்பகம் மேடத்துக்கு,

ஹில்டா எழுதுறேன், வணக்கம். நீங்க மேல் ஆராய்ச்சிக்காக ஒஹையோ போய்ச் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. அந்த ஊர் சாப்பாடு, பேச்சு எல்லாம் பழகியிருக்கும்னு நினைக்கிறேன். ஆபீஸ் மெயில்ல எழுதலாம்தான். ஆனா அந்தக் கம்ப்யூட்டரை நாலு பேர் திறக்கிறாங்க. நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டுறதுக்குள்ள பின்னாடி ஒருத்தர் நின்னு வாசிச்சிட்டே போயிடுறார். இது நீங்க மட்டும் வாசிக்க வேண்டியது. அதான் தபால்.

இங்க நம்ம ஈய ஸ்டடி வேலை நடக்குது. முதல் குழு வீடு இருபதுக்கும் வாரம் ஒரு தடவை வாளியும் துணியுமா போயிட்டு வர்றேன். முழங்கால்தான் முன்னமாதிரி இல்லை.

நாஸியாவைப் பத்திச் சொல்லணும். ரயில்வே கேட் பக்கத்துச் சந்துல ஒரு பழைய பங்களாவைத் துண்டு துண்டா வாடகைக்கு விட்டிருக்காங்களே, அதுல பின்கட்டு வீடு. அப்பா கௌஸ், ஆட்டோ ஓட்டுறார். அம்மா ஜுலைகா வாணியம்பாடிக்காரி. வீட்ல உருது, என்கிட்ட தமிழ். பிள்ளைக்கு இன்னும் மூணு வயசு முடியலை. ஜனவரியில ரத்தம் எடுத்தப்போ ஈயம் பதினெட்டு இருந்துச்சு. ஏப்ரல்ல இருபத்தாறு. போன வாரம் வந்த ரிசல்ட்ல முப்பத்திமூணு. பத்தைத் தாண்டினாலே கவலைப்படணும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்.

ஜுலைகா துடைக்காம இருக்கான்னு நினைச்சிடாதீங்க. அவளை மாதிரி யாரும் துடைக்கலை. காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவுறது, எல்லாம் சொன்னபடி. கோளாறு அந்த ஜன்னல்ல இருக்கு. மேல பச்சை எனாமல், அதுக்கு அடியில மஞ்சள், அதுக்கும் அடியில இன்னொரு பச்சை. மழைக்கு மரம் உப்பிடுச்சு. ஓங்கி அடிச்சாத்தான் சாத்த முடியும். ஒவ்வொரு அடிக்கும் பொடியும் செதிலுமாக் கொட்டுது. பிள்ளை அந்தச் செதிலைப் பொறுக்கி வாயில வைக்குது. ருசி இனிப்பாம்.

மேடம், மூணு குழுவாச் சீட்டுக் குலுக்கினப்போ நானும் பக்கத்துல இருந்தேன். முதல் குழுவுக்கு ஈரத்துணியும் பாடமும் மட்டும். ரெண்டாவதுக்கு பழைய பெயின்ட்டை நனைச்சுச் சுரண்டிட்டு, ஈயம் இல்லாத பெயின்ட்டா பார்த்து அடிச்சுக் கொடுக்கிறது. மூணாவதுக்கு ஜன்னல் கதவையே மாத்துறது. எந்த வழி பலிக்குதுன்னு பார்க்கத்தான் இதெல்லாம்னு தெரியும். நான் கேக்கிறது ஒரே ஒரு வீட்டை. நாஸியா வீட்டை ரெண்டாவது குழுவுக்கு மாத்திக் கொடுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.

இப்படிக்கு,
ஹில்டா மேத்யூ


ஒஹையோ
31 ஜூலை 2003

அன்புள்ள ஹில்டா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை படித்தேன். முடியாது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும்.

ஒரு வீட்டை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் ஸ்டடி அங்கேயே செத்துவிடும். நமக்குப் பாவமாக இருந்த குழந்தைகளை நல்ல குழுவில் போட்டுக்கொண்டோம் என்று எவரும் கேட்கலாம். கேட்பார்கள். அதற்குப் பிறகு நம் எண்கள் எதற்கும் உதவாது.

நான் ஏன் இந்த முதல் குழுவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஜன்னலை மாற்ற முடியாது, சுரண்டவும் வீட்டுக்காரர் விடமாட்டார். ஈரத்துணி போதும் என்று தெரிந்தால் செலவில்லாமல் லட்சம் வீடுகளுக்குச் சொல்லலாம். போதாது என்று தெரிந்தால், அந்த எண்களை எடுத்துக்கொண்டு தில்லிக்குப் போய், பெயின்ட்டில் ஈயமே கூடாது என்று கேட்கலாம். வெறும் கையோடு எத்தனை ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன் தெரியுமா? ஒரு அதிகாரி, "எங்க வீட்டிலும் பெயின்ட்தான் அடிச்சிருக்கு, என் பையன் ஐஐடியில் படிக்கிறான்" என்றார். இன்னொருவர், "ஈயச் சொம்பில்தானே எங்க அம்மா ரசம் வைத்தாள்" என்றார். அது வேறு ஈயம், இது காரீயம் என்று விளக்குவதற்குள் அவர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி, அதற்குக் கீழே கவனித்து வருவது. இது ஸ்டடியை மேற்பார்க்கும் கமிட்டி ஒப்புக்கொண்ட விதி. எண்களை வருஷக் கடைசியில்தான் பெற்றோருக்குச் சொல்வதாக அவர்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. நடுவில் சொன்னால் ஆளுக்கு ஒன்று செய்ய ஆரம்பிப்பார்கள். சொல்லாதீர்கள்.

எனக்கு மட்டும் தூக்கம் வருகிறது என்று நினைக்காதீர்கள்.

கல்பகம்


லாலாகுடா
18 ஆகஸ்ட் 2003

அன்புள்ள மேடத்துக்கு,

உங்க கடிதம் கிடைச்சது. சரி. நீங்க சொன்னபடியே நடந்துக்கிறேன். நான் நர்ஸா இருந்தவ. டாக்டர் சொன்னதைச் செய்யிறது எனக்குப் புதுசில்லை.

ஆனா அந்தப் படி ஏறின கதை எல்லாம் எழுதினீங்களே, நானும் ஒண்ணு எழுதுறேன். இந்த வாரம் ஜுலைகா வீட்டுக்குப் போனேன். வாசல்ல கால் வைக்கையிலேயே ஈர வாசனை. தரையில குனிஞ்சு ஈரத்துணியால போச்சா போட்டுத் துடைச்சுட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, பாருங்க, ஜன்னல் கட்டையை விரல்ல தேய்ச்சுப் பாருங்க"ன்னா. பரீட்சை எழுதிட்டு மார்க் கேக்கிற பொண்ணு மாதிரி முகம். தேய்ச்சேன். துடைச்ச கையோட இருக்கிறதால சுத்தம்தான். பிள்ளை சுவத்தைப் பார்த்து உக்காந்திருந்துச்சு. முன்னெல்லாம் நான் போனா என் கைப்பையை இழுக்கும். "ஆன்ட்டி, க்யா லாயே", என்ன கொண்டுவந்தேன்னு கேக்கும். இப்ப திரும்பிக்கூடப் பார்க்கலை. வயித்துவலின்னு அழுதுக்கிட்டே இருக்காம்.

"நாஸியாவுக்குக் குறைஞ்சிருக்கா அக்கா? நான் நல்லாத்தானே செய்யிறேன்?"ன்னு கேட்டா.

நீ நல்லாத்தான் செய்யிறேன்னு அவகிட்ட சொன்னேன். அது பொய்யில்லையே. கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்.

அந்தப் பங்களா சொந்தக்காரரையும் பார்த்தேன், ஆபீஸ் சார்பா இல்லை, நானா. ஜன்னலை மட்டும் கழட்டி வேற போடலாமான்னு கேட்டேன். "எதுக்கு அம்மா? அடுத்த வருஷம் இதை இடிச்சு அப்பார்ட்மென்ட் கட்டப்போறேன். மாதாப்பூர்ல வேலை பார்க்கிற பசங்க இப்பவே ஃப்ளாட் கேக்கிறாங்க"ன்னார். எங்க பொண்ணு ஸ்வீட்டிக்குக்கூட அங்க கால் சென்டர்லதான் வேலை. அவளும் அந்த மாதிரி ஃப்ளாட் ஒண்ணைத்தான் பேசிக்கிட்டே இருக்கா.

அடுத்த ரத்தம் செப்டம்பர் கடைசியில எடுக்கணும். கட்டிலை ஜன்னலை விட்டு நகர்த்திப் போடச் சொல்லலாமா? அதுக்காவது அனுமதி உண்டா?

ஹில்டா


ஒஹையோ
6 செப்டம்பர் 2003

அன்புள்ள ஹில்டா,

கட்டிலை நகர்த்தச் சொல்லலாம். ஆனால் முதல் குழு வீடுகள் இருபதிலும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் சொல்லாதீர்கள்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் போயிருக்க வேண்டாம். பணம் கொடுக்கிறவர்கள் டிசம்பரில் ஹைதராபாத் வருகிறார்கள். அதுவரை எதுவும் கலையாமல் இருந்தால் போதும் என்றுதான் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

பாதிப் பதில் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதியைத் தயவுசெய்து பாதியாகவே வைத்திருங்கள். இன்னும் சில மாதம்தான்.

ஆத்துக்காரர் குஷாய்குடாவிலிருந்து போன் செய்தார். மகள் மஹதிக்குக் காய்ச்சலாம். எட்டு வயதுக் குழந்தையிடம் நான் போனில் தமிழில் கேட்கிறேன், அவள் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு ரிசீவரைக் கொடுத்துவிடுகிறாள். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. களைப்பு, வேறொன்றுமில்லை.

கல்பகம்


லாலாகுடா
20 அக்டோபர் 2003

மேடம்,

போன்ல பேசினப்போ லைன் சரியில்லை. நானும் அழுதுட்டே இருந்ததால எதையும் ஒழுங்காச் சொல்லலை. நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

செப்டம்பர் கடைசியில எடுத்த ரத்தத்துல நாஸியாவுக்கு நாற்பத்தொண்ணு. உங்க விதிப்படி ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு பாக்கி. நான் அந்த வாரம் போனப்போ ஜுலைகா மறுபடியும் கேட்டா. இந்தத் தடவை நின்னு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா. "அக்கா, இப்ப பேச்சே குறைஞ்சுபோச்சு. அம்மின்னு கூப்பிடுறதைக்கூட விட்டுட்டா. குறையுதா, ஏறுதா, அதை மட்டும் சொல்லுங்க." ஏறுதும்மான்னு சொல்லிட்டேன். எவ்வளவுன்னா. சொன்னேன்.

கௌஸ் உள்ளேருந்து வந்தார். "ஈயம்னா எங்க உருதுல சீசாதானே? ஆட்டோ பேட்டரில இருக்கிற சீசா? அது இந்த ஜன்னல்லயா இருக்கு? என்கிட்ட யாரும் சொல்லலையே"ன்னார். சொல்லியிருந்தோம், முதல் பாடத்துலயே. ஆனா அவர் அன்னைக்கு வண்டி ஓட்டப் போயிருந்தார். நான் நம்பரைச் சொன்னதோட நிறுத்திட்டேன். அடுத்து என்ன செய்யலாம்னு அவர் கேட்டதுக்கு, ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுறேன்னு வந்துட்டேன். சுரண்டுறதைப் பத்தின பாடம் ரெண்டாவது குழுவுக்குத்தானே. முதல் குழுவுல அதைப் பேசக்கூடாதுன்னு நாக்கே கட்டிப்போன மாதிரி இருந்துச்சு.

அந்த மனுஷன் காத்திருக்கலை. ரம்ஜானுக்கு முன்னால வீட்டைச் சுத்தம் பண்ணிடணும்னு, சவாரி முடிஞ்சு வந்து தினமும் உக்காந்து, உப்புத்தாளை வச்சு ஜன்னல், கதவு, கட்டில் எல்லாத்தையும் தேய்ச்சிருக்கார். தண்ணி தெளிக்கலை. பொடி பறந்து முன்கட்டுக்காரங்க சத்தம் போடுவாங்கன்னு கதவைச் சாத்திக்கிட்டு தேய்ச்சிருக்கார். பிள்ளை அதே அறையிலதான் தூங்கியிருக்கு. மரம் பளிச்சுன்னு வந்திருக்குன்னு எனக்குக் காட்டணும்னு நினைச்சுட்டு இருந்தாராம்.

பிள்ளைக்கு வாந்தி எடுத்து, அப்புறம் வலிப்பு வந்திடுச்சு. ஜுலைகா என் வீட்டுக்கு ஆள் அனுப்பினா. நானும் எங்க வீட்டுக்காரரும் ஓடினோம். கௌஸ் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர்கிட்ட, "பெயின்ட் பொடி, ஈயம், உடனே ரத்தம் பாருங்க"ன்னு நான் சொன்னதால நேரம் வீணாகலை. எண்பத்துநாலு. ஈயத்தை வெளிய இழுக்கிற மருந்து ஊசி வழியா ஏறுது. ரெண்டு நாள் கண்ணைத் திறக்கலை. இன்னைக்குத் திறந்திருக்கு. அம்மாவைத் தெரியுது.

ஒண்ணு எழுதிடுறேன், எழுதலைன்னா எனக்கு மனசு ஆறாது. போன்ல நீங்க முதல்ல கேட்டது, "நம்பரை யார் சொன்னது?" பிள்ளை எப்படி இருக்குன்னு ரெண்டாவதாத்தான் கேட்டீங்க.

ஹில்டா


ஒஹையோ
3 நவம்பர் 2003

ஹில்டா,

நான் எதை முதலில் கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. நீங்கள் சொன்னால் அப்படித்தான் இருந்திருக்கும்.

கமிட்டிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கை வந்தது. விதியை மீறி நீங்கள் எண்ணைச் சொன்னதால்தான் இது நடந்தது என்று அங்கே பேச்சு. உங்களை வேலையிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். பணம் கொடுக்கிறவர்கள் டிசம்பர் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

எனக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. நான் சொல்லாதீர்கள் என்று எழுதியது அந்தக் குழந்தை மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஒன்று செய்ய ஆரம்பிப்பார்கள் என்று எழுதினேனே, அதுதானே நடந்தது? நீங்கள் முழுதாகச் சொல்லியிருந்தால் அவர் தண்ணீர் தெளித்துச் சுரண்டியிருப்பார், குழந்தையை வேறு வீட்டில் விட்டிருப்பார். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நான்கு புள்ளியில் நாமே ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்போம். நீங்கள் இரண்டும் செய்யவில்லை.

உங்கள் விளக்கத்தை எழுதி அனுப்புங்கள். என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன்.

கல்பகம்


லாலாகுடா
19 நவம்பர் 2003

மேடத்துக்கு,

விளக்கம் எழுத எனக்குத் தெம்பில்லை. இதோட ராஜினாமா வச்சிருக்கேன். வாங்கிக்கோங்க.

நீங்க எழுதினது சரிதான். ரெண்டுல ஒண்ணைச் செய்திருக்கணும். அதை நினைக்காம எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்கலை. ஆனா நீங்க எழுதினதுல ஒரு வரி எனக்குப் புரியலை. ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா இன்னும் நாலு புள்ளியில நாமே சேர்த்திருப்போம்னு எழுதியிருக்கீங்க. அந்த நாலு புள்ளி ஏறுறவரைக்கும் அது யார் உடம்புல ஏறுது மேடம்?

நாஸியாவை ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பிட்டாங்க. அனுப்பும்போது டாக்டர், "ஈயம் இருக்கிற வீட்டுக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னார். வேற எங்க போறது? வாணியம்பாடிக்குப் போனா மாசாமாசம் யார் ரத்தம் பார்ப்பா? எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். எங்க வீடு உங்க ஸ்டடியில இல்லை, ஜன்னலெல்லாம் இரும்பு மாத்தி ரொம்ப நாளாச்சு. ஆனாலும் ஈயம் காட்டுற கருவியை ஆபீஸ்ல கடன் வாங்கி ஒவ்வொரு கதவையும் பார்த்தப்புறம்தான் கூட்டிட்டு வந்தேன். ஸ்வீட்டி பகல்ல தூங்குற கட்டில்ல இவங்க ராத்திரி படுத்துக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் முதல்ல முணுமுணுத்தார். இப்ப அவர்தான் விடியக்காலம் எழுந்து ஜுலைகாவுக்கு நோன்புக்கு முன்னால டீ போட்டுக் கொடுக்கிறார்.

கௌஸ் எங்க வீட்டுக்குள்ள வர்றதில்லை. வாசல்ல ஆட்டோவை நிறுத்தி ஹாரன் அடிப்பார். பிள்ளையைத் தூக்கிட்டுப் போய்க் காட்டணும். கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டுப் போயிடுவார். "நான்தான் தேய்ச்சேன், நான்தான் தேய்ச்சேன்"னு ஜுலைகாகிட்ட சொல்லிச் சொல்லி அழுறாராம். என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை.

ஜுலைகா ஒருநாள் துணி மடிச்சுக்கிட்டே கேட்டா. "அக்கா, ஜனவரியிலேருந்து உங்களுக்கு நம்பர் தெரியுமா?" தெரியும்னேன். "அந்தப் பெரிய மேடத்துக்கும்?" தெரியும்னேன். கையிலிருந்த சட்டையை மறுபடியும் பிரிச்சு மறுபடியும் மடிச்சா.

மத்த பத்தொன்பது வீட்டுக்கும் இப்ப யாரும் போறதில்லை. நான் நின்னதும் எல்லாம் நின்னுபோச்சு. அந்த அம்மாமார் இன்னும் துடைச்சிட்டுத்தான் இருப்பாங்க.

ஹில்டா மேத்யூ


ஒஹையோ
7 டிசம்பர் 2003

அன்புள்ள ஹில்டா,

உங்கள் ராஜினாமாவை நான் யாருக்கும் அனுப்பவில்லை. கிழித்துவிட்டேன்.

அந்த நாலு புள்ளி யார் உடம்பில் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் தேடி, கடைசியில் அறுபது வீட்டு எண்களையும் திறந்து பார்த்தேன். வருஷம் முடியும்வரை குழு வாரியாகப் பார்ப்பதில்லை என்பது நானே போட்ட விதி. நடுவில் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று போட்டேன். சாயட்டும் என்று திறந்தேன்.

பெயின்ட் உரியாத வீடுகளில் ஈரத்துணி கொஞ்சம் வேலை செய்கிறது. உரிகிற வீடுகளில் செய்யவே இல்லை. முதல் குழுவில் உரிகிற வீடுகள் பதினொன்று. பதினொன்றிலும் குழந்தைகளுக்கு ஏறியிருக்கிறது. ஒரு வீட்டில்கூட இறங்கவில்லை. இது ஏப்ரல் ரத்தத்திலேயே தெரிந்திருக்கும். நான் பார்க்காததால் தெரியவில்லை. ஜூலையில் நீங்கள் எழுதினபோது நாஸியாவை ஒரு தனி வீடாக நினைத்தேன். பதினொன்றில் ஒன்று என்று நினைக்கவில்லை.

இங்கே என் மேலதிகாரியிடம் முதல் குழுவை நிறுத்தப்போகிறேன் என்றேன். "இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் நல்ல பேப்பர் வரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. போன ஜூலையில் நானும் அதைத்தான் சொன்னேன். அவர் குரலில் கேட்டபோதுதான் எனக்கு அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது.

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். விதி என்னுடையது, பொறுப்பு என்னுடையது, ஹில்டா மேல் நடவடிக்கை கூடாது என்று. முதல் குழுவை இன்றோடு மூடுகிறோம். மிச்சமிருக்கும் பணத்தில் உரிகிற பதினொரு வீடுகளையும் நனைத்துச் சுரண்டி வேறு பெயின்ட் அடித்துவிடலாம். அதற்கு மேல் பணம் வராது. கொடுக்கிறவர்கள் முடித்துக்கொண்டார்கள். வருஷம் முடியாத ஸ்டடியைப் பெரிய பத்திரிகை எதுவும் போடாது. தில்லிக்கு எடுத்துப் போக நான் நினைத்திருந்த கட்டு இனி பாதிக் கட்டுதான். அதையும் எடுத்துக்கொண்டு படி ஏறத்தான் போகிறேன். இந்தத் தடவை என்ன சொல்லி அனுப்புவார்களோ.

ஜனவரி முதல் வாரம் ஊர் திரும்புகிறேன். இங்கே மிச்சமிருக்கும் மாதங்களை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஜுலைகாவைப் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு என் பாரத்தை அவளிடம் இறக்கி வைத்துவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை. ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியாது. அவள் சம்மதிப்பாளா என்று கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

நாஸியா எப்படி இருக்கிறாள்? இதை முதல் வரியில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் எனக்கு வரவில்லை.

கல்பகம்


லாலாகுடா
27 டிசம்பர் 2003

அன்புள்ள கல்பகம் மேடத்துக்கு,

கிறிஸ்மஸ் முடிஞ்சு வீடு இப்பத்தான் ஓய்ஞ்சிருக்கு. நாஸியாவுக்கு இப்ப இருபத்தெட்டு. மருந்து ரெண்டாவது தடவை கொடுத்தாங்க. வலிப்பு திரும்ப வரலை. நல்லாச் சாப்பிடுது. ஆனா பேச்சு திரும்பலை மேடம். முன்னே தெரிஞ்ச வார்த்தையெல்லாம் எங்கயோ போய் ஒளிஞ்சிக்கிட்ட மாதிரி. கூப்பிட்டா திரும்புறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகுது. டாக்டர்கிட்ட கேட்டேன். "கொஞ்சம் வரும். எவ்வளவு வரும்னு பள்ளிக்கூடம் போனாத்தான் தெரியும்"னார். உங்களுக்கு நான் பூசி மெழுகி எழுத மாட்டேன்.

உங்க போன் வந்ததும் வேலையை ஆரம்பிச்சுட்டோம். பதினொண்ணுல நாலு வீடு முடிஞ்சது. ஒவ்வொரு வீட்டுக் குடும்பத்தையும் எங்க சர்ச் ஹால்ல தங்க வச்சு, தரையில பிளாஸ்டிக் விரிச்சு, மரத்தை நல்லா நனைச்சுத்தான் சுரண்டுறோம். பெயின்ட்டைக் கடையில வாங்கி கருவியில பார்த்தா ரெண்டு கம்பெனி டப்பாவுல ஈயம் கொட்டிக் கிடக்கு. புத்தம்புது டப்பா. மூணாவது கம்பெனி வெள்ளைதான் தேறிச்சு. மஞ்சளும் பச்சையும் எங்கயும் தேறலை. எல்லா வீடும் இப்ப ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையா இருக்கு. ஒரு அம்மா, "கல்யாண வீட்டுக்கு இந்தக் கலரா?"ன்னு சண்டைக்கு வந்துட்டா.

ஜுலைகா வீட்டு ஜன்னலைச் சுரண்ட வேண்டியதில்லை, கௌஸ் தேய்ச்சு முடிச்சாச்சு. பொடியைத்தான் எடுக்கணும். அதை எடுக்க நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம். கொஞ்ச நேரத்துல கௌஸ் வந்தார். வாசல்ல நின்னு பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஒரு துணியை எடுத்து வாளியில முக்கினார். பக்கத்துலதான் உக்காந்து துடைச்சார், சாயங்காலம் வரைக்கும். என் முகத்தைப் பார்க்கலை. கிளம்பும்போது மட்டும், "ஹவ், ஆமா, இன்னும் ஒரு தரம் நாளைக்கும் துடைக்கலாம்"னார். பொங்கலுக்குள்ள அவங்க வீட்டுக்கே திரும்பிடுவாங்க. பங்களா சொந்தக்காரர் இடிக்கிறவரைக்கும் இருக்கலாம். அப்புறம் வேற வீடு பார்க்கணும். அங்க ஜன்னல் எப்படி இருக்குமோ.

நீங்க கேட்கச் சொன்னதை ஜுலைகாகிட்ட கேட்டேன். பிள்ளைக்குத் தலை வாரி முடிச்சா. அப்புறம் சொன்னதை அவ சொன்னபடியே எழுதுறேன்.

"அந்த மேடம் என்னைப் பார்த்து என்ன பண்ணப்போறாங்க? என் பிள்ளைக்கு ஆனது ஆயிடுச்சு. என்கிட்ட வந்து அழுறது நக்கோ, வேண்டாம். மத்த பத்தொன்பது வீட்டுக்கும் முதல்ல போகச் சொல்லுங்க. ஒவ்வொரு அம்மாகிட்டயும் அவ பிள்ளையோட நம்பரை அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க. ஏறியிருந்தா ஏறியிருக்குன்னு சொல்லட்டும். அந்த அம்மாங்க என்ன கேட்டாலும் நின்னு பதில் சொல்லட்டும். எல்லா வீடும் முடிஞ்சப்புறம் இங்க வரட்டும். டீ போட்டுக் கொடுக்கிறேன்."

நானும் உங்ககூட வர்றேன் மேடம். இந்தச் சந்துங்க உங்களுக்குப் பழக்கமில்லை, மௌலா அலி பக்கமும் ரெண்டு மூணு வீடு இருக்கு. எல்லார் வீட்லயும் உக்காரச் சொல்வாங்க, சில பேர் உக்காரச் சொல்லமாட்டாங்க. ரெண்டுக்கும் தயாரா வாங்க. நடந்துதான் போகணும், கார் நுழையாது. என் முழங்காலுக்கு ஒரு நாள்ல நாலு வீட்டுக்கு மேல முடியாது.

முதல்ல லூர்துமேரி வீடு. அவ மகனுக்கு ஈயம் முப்பத்தாறு. காலையில வந்தா அவ வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால பார்த்திடலாம்.

ஹில்டா